யார் வீட்டுப் பிள்ளை? புதிதாக வருகிறவர்களுக்குச் சில அறிவுரைகள்

சென்னையில் ரோட்டில் நாய் செத்துக் கிடக்கிறது என்று 1913-க்குப் போன் செய்தால் மாநகராட்சி வண்டி வரும், எடுத்துக்கொண்டு போகும், ரோடு சுத்தமாகிவிடும். அது யார் வீட்டு நாய் என்று விசாரிப்பது அந்த வண்டியின் வேலை இல்லை. அதே நேரத்தில் நாலு தெரு தள்ளி ஒருவர் ‘காணவில்லை’ நோட்டீஸை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருப்பார். மாதக்கணக்கில் தேடுவார்கள். யாரோ பிடித்துக்கொண்டு போய் நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்வார்கள். ஜோசியரிடம் போய், எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அந்த வண்டிக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில்தான் நம் வேலை. வண்டி வருவதற்குள் உடலைப் பார்ப்பது, அடையாளம் எடுப்பது, உரியவருக்குச் சொல்வது. பணி ஓய்வுக்குப் பிறகு பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இதைச் செய்துவருகிறேன். இப்போது கல்லூரிப் பிள்ளைகள், ஐ.டி. வேலை பார்ப்பவர்கள் என்று சிலர் “நாங்களும் வருகிறோம் ஐயா” என்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிக் கொடுத்துவிடுவது எனக்கும் சுலபம்.

1. முதலில் நீங்கள் அடிபடாமல் இருங்கள். செத்த நாய்க்காக உயிரோடு இருக்கும் ஆள் லாரியில் சிக்கக் கூடாது. ஜி.எஸ்.டி. ரோடு, ஓ.எம்.ஆர்., பைபாஸ் இங்கெல்லாம் தனியாகப் போகாதீர்கள். ஒருவர் குனிந்து பார்க்கும்போது இன்னொருவர் வண்டி வரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். அவர் செல்போனைத் தொடக் கூடாது. ஒளிரும் சட்டை பெரிய விலை இல்லை, வாங்கிக்கொள்ளுங்கள். உடல் நடு லேனில் கிடந்தால் ஓடிப்போய் இழுத்து வராதீர்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்குச் சொல்லுங்கள், ரோந்து வண்டி வந்து போக்குவரத்தைத் தடுக்கட்டும். பத்து நிமிஷம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

2. செத்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொன்னால் நம்பாதீர்கள். அடிபட்ட அதிர்ச்சியில் அசையாமல் கிடக்கும் நாயும் தூரத்தில் இருந்து பார்த்தால் செத்த நாய்தான். மார்பு ஏறி இறங்குகிறதா பாருங்கள். பின்னங்காலின் உள்தொடையில் விரல் வைத்து நாடி பாருங்கள். ஒரு குச்சியின் நுனியில் பஞ்சு சுற்றி, கண்ணின் ஓரத்தை மெல்லத் தொடுங்கள். இமை துடித்தால் உயிர் இருக்கிறது. இருந்தால் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். வலியில் இருக்கும் நாய், வளர்த்தவரையே கடிக்கும். போர்வையை முழுதாகப் போட்டு, பலகை மாதிரி தட்டையான ஏதாவது ஒன்றில் நகர்த்தித் தூக்குங்கள்.

3. கிளவுஸ் இல்லாமல் தொடாதீர்கள். வெறிநோய்க் கிருமி எச்சிலில் இருக்கும். நாய் செத்த உடனே கிருமியும் செத்துவிடாது. மழைக்காலமானால் எலிக்காய்ச்சல் வேறு, அது சிறுநீர் வழியாகப் பரவும். நகத்தோரம் சின்னக் கீறல் இருந்தாலும் போதும். எச்சிலோ ரத்தமோ கீறலில் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலையைத் தொடர்ந்து செய்யப்போகிறவர்கள் முன்கூட்டியே போடும் தடுப்பூசியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். “பாவம், தடவிக் கொடுத்தேன்” என்று வெறுங்கையைக் காட்டுகிறவர்களை நான் அடுத்த முறை கூட்டிப்போவதில்லை.

4. இப்போது சிப். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் இருக்கும் குழப்பம் முழுக்க இதில்தான். மைக்ரோசிப் என்பது அரிசி அளவு கண்ணாடிக் குப்பி. அதில் பேட்டரி கிடையாது, ஜி.பி.எஸ். கிடையாது. “சிப் போட்டிருக்கோமே, மேப்பில் காட்டாதா?” என்று கேட்காத வீடு குறைவு. காட்டாது. ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஸ்கேனரின் அலையிலேயே விழித்துக்கொண்டு தன் எண்ணை மட்டும் சொல்லும், 15 இலக்கம். பேட்டரி இல்லாததால்தான் நாய் இறந்த பிறகும் அது வேலை செய்கிறது. நமக்கு அதுதான் பிடிமானம்.

தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில் தோலுக்கு அடியில் போடுவார்கள். ஆனால் போட்ட இடத்திலேயே நிற்கும் என்று நினைக்காதீர்கள். வருஷக்கணக்கில் நகர்ந்து தோளுக்கு, முன்னங்காலுக்கு, மார்புக்குக்கூட வந்துவிடும். லாரி ஏறிய உடலில் எங்கே இருக்கும் என்று சொல்லவே முடியாது. அதனால் கழுத்தில் ஒருமுறை காட்டிவிட்டு “சிப் இல்லை” என்று எழுதாதீர்கள். கழுத்தில் இருந்து வால் வரை, ஸ்கேனரை முடியை உரசுகிற மாதிரி வைத்து, பாம்பு நெளிவதுபோல் வளைத்து வளைத்து மெதுவாகக் கொண்டுபோங்கள். பிறகு இரண்டு பக்கத் தோள், மார்பு, கால். பிறகு உடலைப் புரட்டிப் போட்டு இன்னொருமுறை முழுக்க. பெரிய நாய்க்குக் கீழ்ப்பக்கம் இருக்கும் சிப்பை மேல்பக்கத்தில் இருந்து படிக்க முடியாமல் போகலாம். ஸ்கேனரின் எட்டும் தூரம் சில அங்குலம்தான். சங்கிலி, இரும்பு வளையம், பெரிய பித்தளை மணி இவை இருந்தால் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள், உலோகம் அலையைக் கெடுக்கும். பைக் பெட்ரோல் டேங்க் மேலேயோ, கால்வாய் இரும்பு மூடி மேலேயோ கிடத்திக்கொண்டு ஸ்கேன் செய்யாதீர்கள். பேட்டரி குறைந்த ஸ்கேனர் பொய் சொல்லும். கிளம்புவதற்கு முன் ஒரு சோதனைச் சிப்பில் காட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சிப் மட்டும் இருந்தால் போதாது, யாராவது படிக்கவும் வேண்டும். இங்கிலாந்தில் 2013-இல் ஹார்வி என்றொரு சின்ன பூடில் நாய் எம்62 நெடுஞ்சாலையில் அடிபட்டுச் செத்தது. அதற்குச் சிப் இருந்தது. உடலை எடுத்தவர்கள் யாரும் வீட்டாருக்குத் தெரிவிக்கவில்லை. அவர்கள் மாதக்கணக்கில் தேடிக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டு, 2015 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் பேசும் அளவுக்கு அது போனது. சிப் போடுவதைச் சட்டமாக்குவது ஒன்று. ரோட்டைச் சுத்தம் செய்கிறவர் கையில் ஸ்கேனர் கொடுப்பது இன்னொன்று. நம் ஊரில் முதலாவது இப்போதுதான் வந்திருக்கிறது. சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமத்தோடு சிப்பும் வேண்டும் என்று 2025-இல் கட்டாயமாக்கியது. இரண்டாவதை நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

5. எண் கிடைத்ததும் துள்ளிக் குதிக்காதீர்கள். எண்ணில் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. அதை எந்தப் பதிவேட்டில் எழுதினார்களோ அங்கே போய்க் கேட்க வேண்டும். எண் 356-இல் தொடங்கினால் அது இந்தியாவின் குறியீடு; 9-இல் தொடங்கினால் பெரும்பாலும் சிப்பைத் தயாரித்த நிறுவனத்தின் குறியீடு. சென்னையில் உரிமம் எடுத்த நாய் என்றால் மாநகராட்சிப் பதிவில் இருக்கும். சாதி நாய், காகிதத்தோடு வாங்கியது என்றால் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் இருக்க வாய்ப்பு உண்டு, அதன் தலைமை அலுவலகமும் நம் ஊரில்தான். இரண்டிலும் இல்லை என்றால் சுற்று வட்டாரத்து கிளினிக்குகளுக்குப் போன் போடுங்கள். சிப் போட்ட டாக்டர் தன் நோட்டிலோ கம்ப்யூட்டரிலோ எண்ணின் ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருப்பார். பல நேரம் அந்த ஸ்டிக்கர்தான் கைகொடுத்திருக்கிறது. எண்ணை எழுதும்போது ஒருவர் படிக்க ஒருவர் எழுதி, எழுதியவர் திரும்பப் படிக்க வேண்டும். பதினைந்தில் ஒன்று மாறினால் வேறொரு வீட்டுக் கதவைத் தட்டிவிடுவோம். அங்கே உயிரோடு வாலாட்டிக்கொண்டு நிற்கும் நாயைப் பார்த்து அவர்கள் பதறும் பதற்றத்துக்கு நாம்தான் பொறுப்பு.

6. சிப் இல்லாத உடல்தான் அதிகம். அப்போது உடலைப் படிக்கத் தெரிய வேண்டும்.

கழுத்தில் இருந்து தொடங்குங்கள். பெல்ட் இல்லாவிட்டாலும், போட்டிருந்த இடத்தில் முடி அழுந்திக் கோடு விழுந்திருக்கும். முடியை எதிர்த்திசையில் தடவினால் தெரியும். கறுப்புக் கயிறு, தாயத்து, சின்ன மணி இவற்றில் எது இருந்தாலும் அது ஒரு வீட்டின் கை. நெற்றியைப் பாருங்கள். திருநீர்மலைப் பக்கம் கிடந்த ஒரு வெள்ளைப் பொம்மேரியனுக்கு நெற்றியில் குங்குமம் இருந்தது. முந்தைய நாள் வெள்ளிக்கிழமை. பூஜை முடித்து அதற்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். பெல்ட் இல்லை, சிப் இல்லை, அந்தப் பொட்டை வைத்துத்தான் அக்ரஹாரத் தெருவில் போய்க் கேட்டோம். மூன்றாவது வீட்டில் ஒரு அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

நகத்தைப் பாருங்கள். தெருவில் ஓடும் நாய்க்கு நகம் தானே தேயும். மொசைக் தரையில் வளர்ந்த நாய்க்கு நீண்டு வளைந்திருக்கும், அல்லது வெட்டியிருப்பார்கள். முன்னங்காலில் ஒரு சதுரம் மட்டும் முடி மழித்திருந்தால் சமீபத்தில் டிரிப் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே கிளினிக்குகளைக் கேளுங்கள், டாக்டருக்கு ஞாபகம் இருக்கும். தையல் இருந்தாலும் அப்படியே. பல்லைப் பார்த்தால் வயது ஓரளவு பிடிபடும்: ஆறேழு மாதத்துக்குள் பால் பல் விழுந்து நிரந்தரப் பல் வந்துவிடும். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் நீண்ட முகமும் என்றால் ராஜபாளையம். மெலிந்த உடல், செம்பழுப்பு என்றால் சிப்பிப்பாறையாக இருக்கலாம். “லேப்” என்று எல்லோரும் சொல்வதில் பாதி லேப் இல்லை, ஆகவே வீட்டாரிடம் இனப் பெயரை நம்பாமல் நிறத்தையும் அளவையும் கேளுங்கள்.

செத்த உடல் ஏமாற்றும் இடங்களும் உண்டு. கண்ணின் நிறத்தை நம்பாதீர்கள். சில மணி நேரத்தில் கண் மங்கி வெளிறிவிடும். நம் வெயிலில் ஒரு பகலிலேயே வயிறு உப்பி, நாய் இருந்ததைவிடப் பெரிதாகத் தெரியும். நனைந்த பழுப்பு முடி கறுப்பாகத் தெரியும். அதனால் ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய துணியும் கையோடு வைத்துக்கொண்டு, சேற்றையும் ரத்தத்தையும் துடைத்துவிட்டு நிறத்தை எழுதுங்கள்.

7. காதில் ‘வி’ மாதிரி ஒரு வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்துவிட்ட தெரு நாய். உடனே “யாரும் இல்லாதது” என்று நினைத்து நகர்ந்துவிடாதீர்கள். காலையும் இரவும் அதற்குச் சோறு வைக்கும் ஒருவர் அந்தத் தெருவில் இருப்பார். காகிதத்தில் அவர் சொந்தக்காரர் இல்லை. ஆனால் நாளைக்குச் சோற்றுக் கிண்ணத்தோடு வந்து நின்று கூப்பிடப்போவது அவர்தான். அவருக்கும் சொல்லுங்கள்.

8. பூனை விஷயத்தில் ஊரே அலட்சியம். ஊர் என்ன, உலகமே. பிரிட்டனில் 1988-ஆம் வருஷத்துச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி நாய், ஆடு, மாடு, குதிரை, கழுதை, பன்றி மீது மோதினால் நிறுத்த வேண்டும், தகவல் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் பூனை கிடையாது. வளர்ப்புப் பூனைக்குச் சிப் கட்டாயம் என்று இங்கிலாந்தில் வந்ததே 2024 ஜூனில்தான், நாய்க்கு வந்து எட்டு வருஷம் கழித்து.

பூனைக்கு இங்கே பெரும்பாலும் பெல்ட்டும் கிடையாது, சிப்பும் கிடையாது. ஆனால் ஒரு வசதி: வீட்டுப் பூனை பொதுவாக வெகுதூரம் போவதில்லை. அடிபட்ட இடத்தைச் சுற்றி நாலைந்து தெருக்களைக் கேட்டால் பெரும்பாலும் வீடு கிடைக்கும். இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள். கறுப்பு, வெள்ளை, ஆரஞ்சு மூன்றும் கலந்த பூனை கிட்டத்தட்ட எப்போதும் பெண். முழு ஆரஞ்சு பெரும்பாலும் ஆண். உடல் சிதைந்திருக்கும்போது இது உதவும். பெண் பூனை என்றால் மடியைப் பாருங்கள். பால் கட்டியிருந்தால் எங்கோ குட்டிகள் இருக்கின்றன. அடையாளம் காண்பதை ஒருவர் பார்க்கட்டும், மற்றவர் மொட்டை மாடி, விறகு அடுக்கு, நிற்கும் கார்களின் அடி என்று குட்டிகளைத் தேடட்டும். பசியில் அவை கத்தும் சத்தம் கேட்கும்.

9. போட்டோ எடுங்கள், ஆனால் இரண்டு விதமாக. பதிவுக்கு எல்லாப் பக்கமும். வீட்டாருக்குக் காட்ட, அடிபடாத பக்கத்தை மட்டும், காயத்தைத் துணியால் மூடிவிட்டு. தெருவிளக்குக் கம்பத்தின் எண்ணோ மெட்ரோ தூண் எண்ணோ தெரிகிற மாதிரி ஒரு படம் இருந்தால் இடத்தைப் பற்றிப் பிறகு வாக்குவாதம் வராது. சிதைந்த உடலை வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறவரை நான் குரூப்பில் இருந்து எடுத்துவிடுவேன். அந்தப் படத்தை ஒரு பத்து வயசுப் பிள்ளை அம்மாவின் போனில் பார்க்கும். குரூப்பில் போட வேண்டியது எழுத்து மட்டும்: இடம், நேரம், நிறம், ஆணா பெண்ணா. ஒரு அடையாளத்தை வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருங்கள், வால் நுனியில் வெள்ளை, இடது காதில் கிழிசல், இப்படி ஏதாவது. உரியவர் தானாகச் சொல்ல வேண்டும்.

10. நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், இடம், எந்தப் பக்கம் போகும் ரோடு, சிப் எண் அல்லது “இரண்டு முறை முழுக்க ஸ்கேன் செய்தது, இல்லை” என்ற வரி, உடலை யார் எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் கழித்து ஒருவர் போன் செய்து “பிப்ரவரியில் ஒரு பழுப்பு நாய்…” என்று இழுப்பார். அப்போது நோட்டு பேச வேண்டும். போனில் மட்டும் வைத்திருக்கிறேன் என்று சொல்லும் தம்பிகளின் போன் அந்த மூன்று மாதத்துக்குள் மாறிவிடுகிறது.

11. தூய்மைப் பணியாளர்களோடு பழகுங்கள். நாம் தூக்கத்தில் இருக்கும் நேரத்தில் ரோட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான். எந்த வளைவில் எத்தனை நாய் அடிபடும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். “அக்கா, கழுத்துல எது இருந்தாலும் எடுத்து ஒரு கவர்ல போட்டு வைங்க, நான் வந்து வாங்கிக்கறேன்” என்று சொல்லி நம்பர் கொடுத்து வைத்தால், அவர்கள் செய்யும் உதவிக்கு ஈடு கிடையாது. கிளவுஸ் வாங்கும்போது அவர்களுக்கும் சேர்த்து வாங்குங்கள். படம் எடுத்துப் போட்டுப் பாராட்டு வாங்குவது நாம், கையில் எடுப்பது அவர்கள். இதை ஒருநாளும் மறக்காதீர்கள்.

வீட்டைத் தேடும்போது முதலில் போய்க் கேட்க வேண்டியது இஸ்திரி வண்டியில். தெருவில் எந்த வீட்டில் என்ன நாய், யார் வாக்கிங் கூட்டிப்போகிறார், எப்போது கட்டியிருக்கும், எப்போது அவிழ்த்துவிடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அடுத்து பால் போடுகிறவர், அடுக்குமாடி வாட்ச்மேன், டீக்கடை. பெல்ட்டில் போன் நம்பர் எழுதி ஒரு இலக்கம் மட்டும் அழிந்திருந்தால் கவலை வேண்டாம், பத்து நம்பர்தான், பத்தையும் கூப்பிடுங்கள். ஆனால் பகலில் கூப்பிடுங்கள், “உங்க வீட்டில் நாய் இருக்கா?” என்பதைத் தவிர வேறு எதையும் முதலில் சொல்லாதீர்கள்.

12. சொல்வது எப்படி? இதைத்தான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள், இதில்தான் எல்லோரும் சொதப்புகிறார்கள்.

உறுதி ஆகாமல் சொல்லாதீர்கள். உறுதி ஆன பிறகு ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள். வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பாதீர்கள், போன் செய்யுங்கள்; நடந்து போகிற தூரம் என்றால் நேரில் போங்கள். போன் எடுத்ததும் “வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கீங்களா?” என்று கேளுங்கள். ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். குழந்தை எடுத்தால் பெரியவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு அடையாளம் கேளுங்கள். நீங்கள் சொல்லி அவர்கள் ஆமாம் போடுவது கூடாது, அவர்கள் சொல்ல வேண்டும். நீங்கள் மறைத்து வைத்த அடையாளம் அவர்கள் வாயில் இருந்து வந்துவிட்டால் சுற்றி வளைக்காதீர்கள். “அம்மா, உங்க நாய் ரோட்டில் அடிபட்டு இறந்துபோச்சு. நான் பக்கத்துலதான் இருக்கேன்.” இவ்வளவுதான். ‘தூங்கிருச்சு’, ‘சாமிகிட்டப் போயிருச்சு’ என்றால் எதிரில் இருப்பவருக்கு ஒரு நொடி நம்பிக்கை வந்துவிடும். அந்த ஒரு நொடிக்குப் பிறகு உண்மையைச் சொல்வது இன்னும் கொடுமை. “செத்துப்போச்சு” என்று சட்டென்று போடுவதும் வேண்டாம். ‘இறந்துபோச்சு’ சரியான சொல்.

பிறகு பேசாமல் இருங்கள். அவர்கள் அழுவார்கள், திட்டுவார்கள், “வேற நாயா இருக்கும்” என்று சண்டைக்கு வருவார்கள். ஒருவர் என்னிடம் அரை மணி நேரம் லாரிக்காரர்களைத் திட்டினார், கடைசியில் “சாப்டீங்களா?” என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்று சொல்லிக்கொண்டிருங்கள். கஷ்டப்பட்டதா என்று கட்டாயம் கேட்பார்கள். பார்த்ததைச் சொல்லுங்கள், பார்க்காததைச் சொல்லாதீர்கள். உடனே போயிருக்கும் என்று காயத்தைப் பார்த்தால் தெரிந்தால், அதைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் “நான் வரும்போது உயிர் இல்லை” என்று மட்டும் சொல்லுங்கள்.

13. எப்படி வெளியே வந்தது என்று யூகம் சொல்லாதீர்கள். இது ரொம்ப முக்கியம். நாய் இறந்த வீட்டில் அடுத்த கேள்வி “கேட்டை யார் திறந்து விட்டது?” என்பதாகத்தான் இருக்கும். விரல் நீளுவது வேலைக்கார அம்மா பக்கம், வாட்ச்மேன் பக்கம், இல்லாவிட்டால் மருமகள் பக்கம். “காலையில வேலைக்கு வர்றவங்க கேட்டை மூடாம வந்திருப்பாங்க” என்று நீங்கள் சாதாரணமாகச் சொன்ன ஒரு வாக்கியத்தில் ஒருவருக்கு வேலை போகும். பார்த்தது அடிபட்ட இடம் மட்டும்தான் என்றால் அதோடு நிறுத்துங்கள்.

சிலர் “அது எங்க நாய் இல்ல, குடுத்துட்டோம்” என்று போனை வைத்துவிடுவார்கள். உண்மையாக இருக்கலாம், பைபாஸில் இறக்கிவிட்டுப் போனதாகவும் இருக்கலாம். உபதேசம் செய்யாதீர்கள். நோட்டில் எழுதுங்கள், உடலை மரியாதையாக அனுப்புங்கள், அடுத்த வேலையைப் பாருங்கள்.

14. உடலை உரியவர் வரும்வரை வைக்க முடிந்தால் வையுங்கள். சாக்கில் சுற்றி, நிழலில், காக்கை கொத்தாத இடத்தில். அவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்றால் முகத்தையும் ஒரு முன்பாதத்தையும் துடைத்து, அவை மட்டும் தெரிகிற மாதிரி துணி போர்த்துங்கள். பாதத்தைப் பிடித்துக்கொள்வார்கள். குழந்தைகளைக் காட்டலாமா என்று கேட்டால் முடிவைப் பெற்றவர்களிடமே விடுங்கள். விஷம், வேண்டுமென்றே அடித்தது என்று சந்தேகம் இருந்தால் புதைக்கவோ எரிக்கவோ விடாதீர்கள். போலீஸில் சொல்லிவிட்டு, அரசு கால்நடை மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். அதுவரை குளிர்ச்சியில் வைக்கலாம், ஃப்ரீசரில் உறைய வைக்கக் கூடாது, உறைந்தால் திசு கெட்டு டாக்டரால் பலவற்றைச் சொல்ல முடியாமல் போகும்.

15. தீபாவளிக்கு மறுநாள் ஆபீஸுக்கோ கல்லூரிக்கோ லீவு போட்டுவிடுங்கள். வெடிச் சத்தத்துக்குப் பயந்து சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிய நாய்கள் அன்றைக்கு விடியற்காலையில் கிடக்கும். அவை பெரும்பாலும் தங்கள் தெருவில் அடிபடுவதில்லை. வெகுதூரம் ஓடி, தெரியாத ரோட்டைக் கடக்கும்போது அடிபடும். அதனால் அன்று மட்டும் நாலைந்து தெருக் கணக்கு செல்லாது, பக்கத்து ஏரியா குரூப்புகள் எல்லாவற்றிலும் தேட வேண்டும். அறுந்த சங்கிலியின் மிச்சம் கழுத்தில் இருந்தால் போட்டோ எடுங்கள். மீதிச் சங்கிலி வீட்டில் இருக்கும், பொருத்திப் பார்த்துவிடலாம்.

16. பணம் வாங்காதீர்கள். நோட்டீஸில் ‘தக்க சன்மானம்’ என்று போட்டிருப்பார்கள், அது உயிரோடு கொண்டுவருபவருக்கு. பெட்ரோலுக்கு என்று நீட்டினாலும் வேண்டாம். ஒருமுறை வாங்கினால் அடுத்த தெருவில் “இவங்களே கொன்னுட்டு வந்து காசு கேக்கறாங்க” என்று பேச்சு கிளம்பும்.

17. கடைசியாக, வளர்ப்பவர்களுக்கு. ரோட்டில் கிடந்த நாயின் சிப்பைப் படித்து, பதிவேட்டைத் தேடிப் பிடித்து, நம்பரைச் சுற்றினால் “நீங்கள் டயல் செய்த எண் உபயோகத்தில் இல்லை” என்று வருகிறது. எங்களுக்கு இதைவிட எரிச்சல் தருவது வேறில்லை. வீடு மாறும்போது கேஸ் கனெக்ஷனை மாற்றுகிறீர்கள், ஆதார் முகவரியை மாற்றுகிறீர்கள். சிப் போட்ட கிளினிக்கிலும் மாநகராட்சி உரிமத்திலும் இருப்பது இன்றைக்கு நீங்கள் எடுத்துப் பேசும் நம்பர்தானா என்று இன்று சாயங்காலமே பாருங்கள். இல்லை என்றால் நாளைக்கே போய் மாற்றுங்கள், கூடவே இரண்டாவது நம்பராகச் சொந்தக்காரர் ஒருவருடையதையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.